ஜப்பான் மருமகனும் என் வீட்டு வாசற்படியும்

மாமா கையைத் தூக்கினார்.

இரண்டு கையையும், தலைக்கு மேலே. காலை வெயில் முன் பல்கனியில் விழுந்துகொண்டிருந்தது. மாமா பிளாஸ்டிக் கதிரையை விட்டு எழும்பி, சாரத்தை ஒருக்கால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்கினார். தலையில் வெள்ளை ஹெல்மெட்.

கீழே, கார் விடுகிற இடத்தில் என் சகலன் குகன் நின்றான். அவன் போனில் பியானோ ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு ஜப்பான்காரன் உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தான். குகன் குனிந்தால் மாமா குனிந்தார். குகன் திரும்பினால் மாமா திரும்பினார். ஜப்பானில் பெரிய கம்பெனிகளின் வேலைத்தளங்களில் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று இதைச் செய்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார்களாம்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நின்றேன்.

பங்குனி முழுக்க அந்தக் கையைத் தூக்கச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிள்ளையும் பிரெஞ்சில் கெஞ்சினாள். "தோள் நோகுது தம்பி" என்று விட்டார். ஒரு நாளும் தூக்கவில்லை.

தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் குடிக்கவில்லை.

போன கிழமை இந்தப் பத்தியில், துறைமுகத்தில் நான் பெட்டி இறக்கிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, நீங்கள் ஒருத்தரையும் பார்த்துப் பொறாமைப்படாத ஆள்" என்றார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கிழமை இதை எழுதுகிறேன்.

உங்கட ஆக்கள்

மாமா என்றால் மனைவியின் தகப்பன். எங்களோடு மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதியில் இருக்கிறார், கனகாலம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மலர் எனக்கு. இளையவள் குகனுக்கு. அவர்கள் ஜப்பானில்.

நான் கொங்கிறீற் வேலை. நடைபாதை, கட்டடத்து நிலம், பாலத்துக் கால். குகனும் கட்டட வேலைதான். கம்பி கட்டுகிறவன். கொங்கிறீற் ஊற்றுகிறதுக்கு முதல் உள்ளே வைக்கிற இரும்பைக் கம்பியால் முறுக்கிக் கட்டுவது அவன் வேலை.

இரண்டு பேரும் ஒரே சேற்றில் நிற்கிறவர்கள். ஆனால் அவன் நிற்பது ஜப்பான் சேறு.

மாமாவின் போனைத் திறந்தால் குகன்தான் முன்னுக்கு நிற்பான். ஹெல்மெட்டில் பெரிய கம்பெனியின் பேர், பின்னால் வானத்துக்கு ஏறும் கட்டடம். அந்தப் போன் நான் வாங்கிக் கொடுத்தது.

போனில் மாமா பார்ப்பதும் ஜப்பான் கட்டட வீடியோதான். ரோடு இடிந்து தாழ்ந்துபோன இடத்தை ஒரு கிழமையில் மூடிவிட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் குனிகிற மனிதர்கள். பூமி நடுங்கும்போது நாணல் மாதிரி ஆடிவிட்டு நேராகிற கட்டடங்கள். எல்லாம் பார்த்துவிட்டு யன்னலால் எங்கள் தெருவைப் பார்ப்பார்.

எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்ற என்று கிண்டிய கிடங்கு. சுற்றிவர ஒரேஞ்சுக் கூம்புகள். பனி வந்து போய்விட்டது. கூம்பு போகவில்லை.

"தம்பி, உங்கட ஆக்கள் உந்தக் கிடங்கை எப்ப மூடுவினம்?"

"அது எங்கட கம்பெனி இல்லை மாமா."

"ஒரேஞ்சுக் கூம்புதானே வைச்சிருக்கு."

மொன்றியலில் எங்கே ஒரேஞ்சுக் கூம்பு நின்றாலும் அது என் கணக்கு. மெட்ரோவில் படி திருத்தினால் நான். பாலம் மூடினால் நான். ஒருக்கால் ரொறன்ரோ போகிற வழியில் நெரிசல். பின் சீற்றில் இருந்து, "இஞ்சையும் உங்கட ஆக்களோ?" என்று கேட்டார்.

ஐந்து பெரிய கம்பெனி

மாமாவுக்குப் பாடமான ஒரு கதை இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவார்.

ஜப்பானில் கட்டடக் கம்பெனி ஆயிரக்கணக்கில் இருந்தாலும் மிகப் பெரியது ஐந்துதானாம். அதில் சிலது அந்தக் காலத்துத் தச்சர் தொடங்கினது. கோயில், கோட்டை கட்டின கைகள். இப்போது விமான நிலையம், கடலுக்கு அடியில் சுரங்கம், வெளிநாட்டில் அணைக்கட்டு. படம் கீறுவதும் அவர்களே, கட்டுவதும் அவர்களே. வீட்டளவு மேடை ஒன்றை வைத்து, அதை ஆட்டி, பூமி நடுக்கத்துக்குக் கட்டடம் தாங்குமா என்று பார்க்கத் தங்களுக்கென்றே ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள்.

"எங்கட சின்ன மருமகன் அதிலை ஒரு கம்பெனியிலை" என்று முடிப்பார்.

வந்தவர் என்னைப் பார்ப்பார். "அண்ணையும் கொங்கிறீற்தானே?"

"ஓம்" என்பேன்.

"அவர் இஞ்ச நடைபாதை போடுறவர்" என்று மாமா சொல்லுவார்.

பொய் இல்லை. ஆனால் தைமாதத்தில் நடைபாதைக்காரன் என்ன செய்கிறான் என்று அவர் சொல்லுவதில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பெரிய படங்கு கட்டுவோம். உள்ளே காஸ் சூட்டடுப்பு ஊதும். முகம் வேகும், முதுகு விறைக்கும். ஊற்றினது உறைய முதல் இறுக வேண்டும். பிந்தினால் உடைத்து எறிய வேண்டும். இதை வீடியோ எடுத்து ஒருவரும் போடுவதில்லை.

படி

எனக்கு இன்னொரு வெட்கம் இருந்தது. கொங்கிறீற்காரன் வீட்டு வாசற்படி உதிர்ந்துபோய்க் கிடந்தது.

இந்த ஊரில் படியைத் தின்பது உப்பு. பனி உருக என்று போடுகிறோம். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும், உறையும், வீங்கும், மேல்தோல் செதில் செதிலாக வரும். நான் இந்தக் கோடை, அடுத்த கோடை என்று விட்டுவிட்டேன். கோடையில்தான் எங்களுக்குக் கூட வேலை.

"அண்ணை, உங்கட படிக்கு ஒரு நல்ல ஆள் பிடிச்சுத் தரட்டோ?" கூட வேலை செய்கிற பெடியள் கேட்பார்கள்.

மாசியில் மாமா அந்தப் படியில் சறுக்கி விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் போகவில்லை. தோள் பிடித்துக்கொண்டது. அதோடு அவர் இறங்குவதை விட்டார். டாக்டர் வந்து பார்க்க வேண்டி வந்தது. கோயில் இல்லை, கடை இல்லை. கதிரையும் போனும்.

ஆனி மாதம் மலர் கேட்டாள். "அப்பா, டொலார்ட்டிலை முருகனுக்குத் தேர் வருது. காரிலை கொண்டுபோறம்."

"நான் வரேல்லை. உந்தப் படியாலை நான் இறங்கமாட்டன்."

வந்த வருடத்தில் இருந்து அவர் விடாத தேர். மலர் குசினிக்குள் போய் அழுதாள். கட்டட வேலைக்காரருக்கு ஆடிக் கடைசியில் இரண்டு கிழமை லீவு. அந்த லீவில் படியை உடைத்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தேன். தேருக்கு மாமா இறங்க வேண்டும். என் படியால். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த லீவுக்குத்தான் குகன் வந்து இறங்கினான், தனியாக. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை.

துவாய்

மாமாவுக்கு ஹெல்மெட் அவன் கொண்டுவந்தது. கம்பெனிப் பேர் போட்டதை வெளியே கொண்டுவர விடமாட்டார்களாம். கடையில் வாங்கின வெறும் வெள்ளை. மாமா சாப்பிடவும் கழற்றவில்லை.

"படி உடைக்கிறதோ அண்ணை? நானும் நிக்கிறன்" என்றான் குகன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

முதல் நாள் உடைக்கிற மெஷினைக் கையில் எடுத்தேன். "அண்ணை, பொறுங்கோ. அயலுக்குச் சொல்லேல்லை" என்றான் குகன்.

"என்னத்தைச் சொல்லுறது?"

"சத்தம் வரும், தூசி வரும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. அங்கை வேலை தொடங்க முதல் கம்பெனிக்காரர் வீடு வீடாய்ப் போய்ச் சின்னத் துவாய் ஒண்டு குடுத்துக் கும்பிடுவினம்."

பெட்டியில் துவாய் வைத்திருந்தான். ஒவ்வொன்றும் கடதாசியில் சுற்றி.

பக்கத்து வீட்டு மதாம் கதவைத் திறந்தாள். இவன் இடுப்பால் மடிந்து கும்பிட்டு, இரண்டு கையாலும் துவாயை நீட்டினான். அவள் "நோன், மேர்சி" என்று கதவைச் சாத்தினாள். துவாய் விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டாள். நான் போய் என் ஓட்டைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். கதவு திரும்பத் திறந்தது. துவாயை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். பின்னேரம் புளிக்கிற ருபார்ப் தண்டு வைத்த தார்த் ஒன்று சுட்டுக்கொண்டு வந்தாள். குகனுக்கு.

அவள் வீட்டு முன்னால் நான் எத்தனையோ முறை பனி வழித்திருக்கிறேன். "போன்ஜூர்" மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

பல்கனியில் ஹெல்மெட் அசைந்தது. "பாத்தீரோ தம்பி. ஒரு துவாய்தான்."

தார்த் நல்லாயிருந்தது என்று மலர் சொன்னாள். நான் தின்னவில்லை.

யோஷி

அவனுக்கு இன்னொரு பழக்கம். எதையும் செய்ய முதல் விரலை நீட்டிக் காட்டி "யோஷி" என்பான். சரி என்று அர்த்தமாம். ஹெல்மெட்டைக் காட்டி யோஷி. கையுறை, யோஷி. மெஷின் வயர், யோஷி. விரலும் வாயும் சேர்ந்தால் கண் பிழை விடாதாம்.

இரண்டாம் நாள் மாமா தன் மருந்துக் குளிசையைக் காட்டி "யோஷி" என்றார். மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பைக்கும் யோஷி. மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு பின்னேரம் நகரத்துக்குள் நாங்கள் கட்டுகிற கட்டடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வேலியடியில் நின்று பார்த்தான். உள்ளே பலகைத் துண்டுகள், கோப்பிக் கோப்பைகள், காற்றில் அடிபடும் பிளாஸ்டிக். லீவுக்கு விட்டுப் போன தளம்.

"நல்ல பெரிய மெஷினெல்லாம் இருக்கு அண்ணை" என்றான்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

உப்பு

பழைய படியை உடைத்து, அடியைக் கிண்டிக் கல்லுப் போட்டு இறுக்கி, பலகை அடித்தோம். குகன் உள்ளே இறங்கிக் கம்பி கட்டினான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் கை போனது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே பக்கம் பார்த்தது. நாளைக்குக் கொங்கிறீற் மூடப்போகிறது, ஒருவரும் காணப்போவதில்லை. அப்படியும் கட்டினான். நான் குனிந்து கடும் கண்ணோடு பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மனம் இன்னும் கறுத்தது.

ஊற்றுகிற அன்று மாமா தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். உடைத்தார், பல்கனியிலேயே.

"அங்கையும் உப்பிடித்தான் மாமா" என்றான் குகன். "எவ்வளவு பெரிய கம்பெனியெண்டாலும் நிலம் கிண்ட முதல் பூசாரி வருவார். பெரிய பெரிய ஆக்கள் கோட்டுப் போட்டுத் தலை குனிஞ்சு நிப்பினம். அரிசி, உப்பு, சாராயம் படைச்சு, நாலு மூலைக்கும் தூவுவினம்."

மாமா எழும்பிவிட்டார். "பிள்ளை மலர், உப்புக் கொண்டா."

மலர் உப்புப் போத்தலோடு வந்தாள். குகன் ஒரு கிள்ளு எடுத்து மூலைக்குப் போனான்.

"உப்புப் போடாதை" என்றேன்.

"ஒரு கிள்ளு அண்ணை. சாத்திரத்துக்கு."

"என்ரை கொங்கிறீற்றுக்குள்ளை உப்புப் போகாது."

ஒரு கிள்ளு உப்பால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் இந்த உப்பு தின்ற படியில்தான் மாமா விழுந்தது. அதைவிட, அன்றைக்கு எனக்கு ஒன்றாவது என் சொல்லில் நடக்க வேண்டியிருந்தது.

"தம்பி, குகன் சொல்லுறதைச் செய்யும். அவங்கள் உலகம் முழுக்கக் கட்டுறவங்கள்" என்றார் மாமா.

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். எறியவில்லை. வைத்தேன். மலருக்கு அந்தச் சத்தம் விளங்கும். அவள் தகப்பனைப் பார்த்தாள்.

குகன் கையை மூடினான். உப்பைப் போத்தலுக்குள்ளேயே திரும்பப் போட்டான். "மாமா, இந்த ஊர்ப் படி அண்ணைக்குத்தான் தெரியும். வெறும் அரிசி போடுவம்."

அரிசி தூவினோம். மாமா ஹெல்மெட்டை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

கொங்கிறீற் லொறி பிந்தியது. கராஜ் கதவில் சாய்ந்து இருவரும் பிட்டுச் சாப்பிட்டோம்.

"ஏன் எனக்காகக் கதைச்சனி?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே இஞ்சத்தைக் கொங்கிறீற்காரன்."

"மாமாவுக்கு நான் கூம்பு வைக்கிறவன்."

குகன் பிட்டை விழுங்காமல் என்னைப் பார்த்தான். "உங்களுக்கு விசரோ அண்ணை?"

பிறகு சொன்னான். அவன் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

"எனக்கு ஞாயிறு மட்டும்தான் நல்லாப் படுக்கலாம். அண்டைக்குத்தான் மாமா போன் எடுப்பார். எடுத்தா உங்கட கதைதான். 'பெரியவர் கொட்டுற பனிக்குள்ளையும் விடியவே வேலைக்குப் போட்டார், நீர் இன்னும் எழும்பேல்லையோ.' 'பெரியவர் சொந்த வீடு வாங்கி என்னையும் வைச்சிருக்கிறார், நீர் இன்னும் பெட்டி மாதிரி அறையிலை.' 'பெரியவருக்கு யூனியன் இருக்கு, உமக்கு ஆர் இருக்கு?' நீங்கள் பூசின நிலத்தின்ரை படத்தை எனக்கு அனுப்பி, 'இதிலை முகம் பாக்கலாம், உங்கட பெரிய கம்பெனியிலை இப்பிடிச் செய்வாங்களோ' எண்டு கேட்டவர். எனக்கு உங்கட பேரைக் கேட்டாலே பத்தும் அண்ணை."

"என்ரை பேரையோ?"

"ஓம். உங்களைத்தான்."

பிறகு ஹெல்மெட் கதை. "படத்திலை இருக்கிறது பெரிய கம்பெனியின்ரை பேர். அது தளத்துக்கு உள்ளை நிக்கிறதுக்கு. அவையள் கணக்குப் பாப்பினம், நிண்டு பாப்பினம். வேலையைக் கீழுக்கு ஒரு கம்பெனிக்குக் குடுப்பினம். அவன் தனக்குக் கீழை. அவன் தனக்குக் கீழை. எனக்குச் சம்பளம் தாறது ஒரு வான் வைச்சிருக்கிற கிழவன். மாமாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்."

எங்கள் ஆட்கள் ஒருவரை முகத்துக்கு நேரே மெச்ச மாட்டார்கள். மெச்சினால் கண்பட்டுப் போகும், இல்லாவிட்டால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைப்பு. மாமா என்னைக் கொண்டுபோய் அவனுக்கு எறிந்திருக்கிறார். அவனைக் கொண்டுவந்து எனக்கு எறிந்திருக்கிறார். இத்தனை வருடமும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். லொறி வந்துவிட்டது. எழும்பினேன்.

ஊற்றினோம். அவன் தடியால் குத்தி இறக்கினான். நான் மட்டம் பார்த்து, தேய்த்து, கடைசியில் வழுக்காமல் இருக்கக் கூட்டுகிற தும்புத்தடியை மெல்ல இழுத்துக் கோடு போட்டேன். பல்கனியில் சத்தமே இல்லை. நிமிர்ந்தேன். மாமா போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் போனைத் திருப்பித் தெருக் கிடங்கை எடுத்தார்.

தேர்

ஒரு கிழமை ஒருவரையும் மிதிக்க விடவில்லை. பின் கதவால், மாமாவால் இறங்க முடியாத இரும்புச் சுழல்படியால், போய் வந்தோம். முன் படிக்குக் கைபிடி பூட்டினேன். குகன் லீவு முடிந்து போய்விட்டான். விமான நிலையத்தில் எனக்கும் குனிந்து கும்பிட்டான். நான் அவன் தோளில் தட்டினேன். எங்களுக்கு அதுதான் வரும்.

தேரன்று மாமா பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்தார். மலர் ஒரு பக்கம். நான் கீழே நின்றேன், விழுந்தால் பிடிக்க.

மாமா நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு விரலை நீட்டி முதல் படியைக் காட்டினார்.

"யோஷி."

கால் வைத்தார். அடுத்ததைக் காட்டினார். யோஷி. இப்படியே கடைசி வரை. அடியில் வந்து மண்ணில் நின்றதும் என் தோளைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கைபிடி கொஞ்சம் உயரம் தம்பி. ஜப்பானிலை எண்டா அளவாய் இருந்திருக்கும்."

"ஓம் மாமா."

அன்று அவர் வடத்திலும் கை வைத்தார். கொஞ்சத் தூரம் இழுத்தார்.

அடுத்த சனி பின்னேரம், ஜப்பானில் ஞாயிறு விடிகிற நேரம், தேத்தண்ணி கொண்டு போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மாமா போனில். ஸ்பீக்கரில் குகனின் நித்திரைக் குரல்.

"படியோ? ஒரு ஆட்டம் இல்லை. பெரியவர் கோடு போட்டவர் பாரும், கால் பசை மாதிரிப் பிடிக்குது. நீர் கம்பியைத்தானே கட்டினீர். கம்பி ஆருக்குத் தெரியும்? உந்தக் கை உங்கட ஐஞ்சு கம்பெனியிலும் இல்லை."

"ஓம் மாமா" என்றான் குகன்.

நான் இத்தனை வருடமும் காத்திருந்த கதை. எனக்குச் சொந்தமான கதை. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவன். உலகத்தின் மற்றப் பக்கத்தில், பாயில் கிடந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு.

படத்தில் அவன் பின்னால் நின்ற கட்டடத்தைப் பார்த்துக்கூட எனக்கு இவ்வளவு எரிந்ததில்லை.

என் காலடியில் பலகை கிறீச்சிட்டது. மாமா திரும்பிப் பார்த்தார். போனை மடியில் கவிழ்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"தம்பி, உங்கட ஆக்கள் உந்தக் கிடங்கை இன்னும் மூடேல்லை."

"ஓம் மாமா" என்று தேத்தண்ணியை வைத்தேன்.